பதினோரு சர்வர்களைக் காணவில்லை

மெமோவைக் கொண்டுவந்து கொடுத்த அலுவலக உதவியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜை மேல் வைத்தார், கையெழுத்து வாங்கும் நோட்டை நீட்டினார், போய்விட்டார். தினமும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற மனிதர். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"பொருள்: பதினோரு சர்வர்களைக் காணாதது குறித்து விளக்கம் கோருதல்." அலுவலகக் கடிதங்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் கல்லூரித் தாளாளர் கண்டிப்பானவர். அதனால் என்னைத் திருடி என்று சொன்ன கடிதமும் நல்ல தமிழில் வந்தது. இருப்புப் பதிவேட்டில் பதினான்கு சர்வர்கள் உள்ளன; நேரில் சரிபார்த்ததில் மூன்று மட்டுமே இருந்தன; மீதிக்குத் தாங்களே பொறுப்பு; ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால் பணிநீக்கம் உள்ளிட்ட நடவடிக்கை எடுக்கப்படும். கீழே முதல்வரின் கையெழுத்து.

இப்படி ஒரு கடிதம் வந்தால் பெண்கள் அழுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள் போல. மதியம்வரை இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காதெல்லாம் சூடாகி, எழுந்து போய் முதல்வர் மேஜையில் இந்தத் தாளை விசிறிவிட்டு வரலாமா என்றுதான் இருந்தது. போகவில்லை. போயிருந்தால் அதற்கும் ஒரு மெமோ வந்திருக்கும்.

திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பதினொன்றும் எங்கே இருக்கின்றன என்பதும் தெரியும். எனக்குப் பத்தடி தள்ளி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவை ஓடிக்கொண்டிருந்தன. அதைச் சொன்னால் நம்புவதற்குத்தான் ஆள் இல்லை.

எங்கள் சர்வர் அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு காலத்தில் விளையாட்டுத் துறையின் பந்தும் வலையும் கிடந்த இடம். கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நான் சேர்ந்தபோது அங்கே ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சர்வர் பெட்டி இருந்தது. வருகைப்பதிவுக்கு ஒன்று, தேர்வு மதிப்பெண்ணுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, விடுதி மெஸ்ஸுக்கு ஒன்று என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பாதிப் பெட்டிகள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்றன. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஏசி திணறும். ஒரு பெட்டி படுத்தால் அதன் வேலையும் படுத்துவிடும். திருச்சியிலிருந்து உதிரிபாகம் வரும்வரை ஆளாளுக்கு என்னை ஏசுவார்கள்.

அந்தப் பெட்டிகளைத்தான் நான் ஒழித்தேன். நல்ல திறன் உள்ள மூன்று சர்வர் இயந்திரங்களை வாங்க வைத்து, அவற்றில் வர்ச்சுவலைசேஷன் மென்பொருளைப் போட்டேன். மெய்நிகராக்கம் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. ஒரு பெரிய வீட்டைத் தடுத்து ஒண்டுக்குடித்தனம் விடுகிறார்கள் இல்லையா, அதைத்தான் இந்த மென்பொருள் செய்கிறது. ஒரு இயந்திரத்தைத் தடுத்து நாலைந்து சர்வர்களைக் குடிவைக்கிறது. ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். பக்கத்து அறையில் ஆள் இருப்பதே அதற்குத் தெரியாது. அவர்களுடைய சாமான்கள், அதாவது தகவல்கள் எல்லாம் தனியாக ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும் என்பதால், ஒரு வீடு விழுந்தாலும் குடித்தனக்காரர்கள் அடுத்த வீட்டில் போய் அடுப்பு மூட்டிவிடுவார்கள். இப்படி மூன்று இயந்திரங்களில் பதினான்கு சர்வர்கள் ஓடுகின்றன.

திருச்சியிலிருந்து வந்த விற்பனைக்காரர், "மேடம், இது பெரிய டேட்டா சென்டர் ஆளுங்க செய்யிற வேலை. ஒரு இன்ஜினியர் டீமே வேணும். ஒங்களால தனியாச் சமாளிக்க முடியாது" என்றார். அவர் கம்பெனியின் மென்பொருளை வருட வாடகைக்கு எடுத்தால் டீமையும் அனுப்புவாராம். நான் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி, பழைய பெட்டிகளில் இரண்டு மாதம் போட்டுப் போட்டு அழித்துக் கற்றுக்கொண்டேன். எத்தனை முறை கவிழ்த்தேன் என்று கணக்கில்லை. அவர் மட்டும் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் மெனக்கெட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பில் ஏதோ ஏறிக்கொள்கிறது. வீட்டிலும் இதைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

இனி என் தவறைச் சொல்லவேண்டும். தவறு என்னுடையதும்தான்.

இரண்டு வருடம் முன்பு கல்லூரித் தரத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்‌ஷன் குழு வந்தது. அதற்கு முந்தின வாரம் முதல்வர் ஃபைலோடு என் அறைக்கு வந்தார். "சர்வர் எத்தனைம்மா இருக்கு?" என்று கேட்டார். மூன்று இயந்திரம், அதில் பதினான்கு சர்வர் ஓடுகிறது என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பதினாலுன்னு போடுங்க. பக்கத்துக் காலேஜ்ல ஆறுதான் வச்சிருக்காங்க" என்றார். அன்று மாலையே கதவுக்கு மேல் 'டேட்டா சென்டர்' என்று ஒரு பலகையும் ஏறிவிட்டது.

ஃபைலில் பதினான்கு என்று போனதும் அலுவலகக் கண்காணிப்பாளர் வந்தார். ஃபைலும் இருப்புப் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் கேள்வி வரும் என்றார். பதிவேட்டை விரித்து, 'பொருள்' என்ற கட்டத்தில் 'சர்வர்' என்று காட்டி, எண்ணிக்கையை நிரப்பச் சொன்னார். என் கையால் பதினான்கு என்று எழுதினேன். பக்கத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'இயந்திரங்கள் மூன்று' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், பதினான்கு என்று பார்க்க எனக்கும் பெருமையாக இருந்தது. ஒற்றை ஆளாக நான் கட்டிய பதினான்கு அவை. யாராவது ஒருவர் எண்ணிக்கையாகவாவது அதைப் பார்க்கட்டுமே என்று நினைத்தேன்.

எங்கள் கல்லூரியில் ஜூன் மாதம் வந்தால் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். ஒரு துறையை இன்னொரு துறைக்காரர்கள் எண்ண வேண்டும் என்பது வழக்கம். வெள்ளை பெயிண்டில் எண் எழுதாத பொருள் இந்த வளாகத்தில் கிடையாது. நாற்காலி, பெஞ்சு, மின்விசிறி, குப்பைக்கூடை என்று எல்லாவற்றுக்கும் முதுகில் ஓர் எண் இருக்கும். குழு ஒவ்வொன்றாகத் தொட்டு, எண்ணைப் படித்து, பதிவேட்டில் டிக் போடும். எண் இல்லாத பொருளுக்கு அங்கேயே எழுதிவிட ஆய்வக உதவியாளர் அக்கா பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகப் பின்னாலேயே வருவார்.

முதல் வருடம் வந்த குழு, ஏசியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டது. சென்ற ஜூன் மாதம் குழுத் தலைவராக வந்தவர் இயற்பியல் துறைத் தலைவர். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. காசுக்கோ காப்பிக்கோ மசியாதவர் என்று பெயர். அவருக்கு அது நல்ல பெயர். எனக்கு அன்று அது கெட்ட நேரம்.

மூன்று இயந்திரங்களையும் தொட்டார். டிக் போட்டார். திரும்பினார்.

"மிச்சம் பதினொண்ணு எங்கம்மா?"

"இதுக்குள்ளதான் சார் இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். பதினான்கு பெயர்களும் பச்சை விளக்கோடு வரிசையாக இருந்தன. ஒண்டுக்குடித்தனத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பேரு தெரியுது, சரி. நீங்க சொல்றதும் ஓரளவு புரியுது. ஆனா ரிஜிஸ்டர்ல பொருள்னு எழுதியிருக்கு. பொருளக் காட்டுங்க. நான் தொட்டுப் பாக்காததுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "சார், நீங்க கிளாஸ்ல எலக்ட்ரான் நடத்துறீங்க. தொட்டுப் பாத்துட்டா நடத்துறீங்க?"

"எலக்ட்ரான் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இல்லம்மா" என்றார். பெயிண்ட் டப்பாவோடு நின்ற அக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். குழு வெளியே போனது. நான்காம் நாள் மெமோ வந்தது.

நான் திருமயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கல்லூரியில் காலையில் நடப்பது மாலை பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். என் கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அந்த வருடம்தான் வீட்டுக்கு மேல்பூச்சுப் பூசி வெள்ளையடித்திருந்தோம். மெமோ வந்த மறுநாள் பஸ்ஸில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சிருச்சாக்கா? நல்லா ஜோராத்தான் செஞ்சிருக்கீங்க. காலேஜ்ல என்னமோ கம்ப்யூட்டரெல்லாம் காணலையாமே?"

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். "கம்ப்யூட்டர் ஒண்ணும் காணாமப் போகல. வீடு எங்க வீட்டுக்காரரு சம்பாத்தியம். சந்தேகமிருந்தா அவருகிட்ட போன் போட்டுத் தாரேன், கேளுங்க" என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்குப் போய்விட்டார். வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடி என்ற பெயரோடு இந்த ஊரில் எந்தக் கல்லூரிப் படி ஏறுவது?

வெள்ளிக்கிழமை கணவர் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்கு வம்பு. தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார்.

"என்ன தெரியாம நடந்துச்சு? மன்னிப்புக் கேட்டா எடுத்தேன்னு ஆயிராதா?"

"ஆமால்ல. அப்ப எழுதாத" என்றார். அன்று அந்த மனிதர் மேல் எனக்கு வந்த பிரியத்தை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் அலுவலகக் கண்காணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். இந்தக் கல்லூரியில் எந்தச் சிக்கலையும் சத்தமில்லாமல் முடித்துவைப்பவர் என்று அவருக்குப் பெயர்.

"இங்க பாரும்மா. ஒன் மேல எனக்குச் சந்தேகமே கெடையாது. ஸ்டோர் ரூம்ல பழைய சிபியூ ஒரு லோடு கெடக்கு. பதினொண்ணத் தூக்கியாந்து அங்கிட்டு வரிசையா அடுக்கிரு. நம்பர் போட்டுருவோம். கமிட்டியத் திரும்ப வரச் சொல்றேன். தொட்டுப் பாப்பாரு, டிக் போடுவாரு, போயிருவாரு. ஒனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

"அது ஓடாதே சார்."

"ஓடுதான்னு ரிஜிஸ்டர்ல எங்க கேட்டிருக்கு?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஓடுகிற பதினொன்றை இல்லை என்கிறார்கள். செத்துக் கிடக்கிற பதினொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார்கள். வெளியே ஆய்வக உதவியாளர் அக்கா டப்பாவைத் திறந்து குச்சியால் பெயிண்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பேசி முடிவாகிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள் போல.

"மூடி வைங்கக்கா. அது தேவைப்படாது" என்றேன். கண்காணிப்பாளரிடம், "திருடி இல்லைன்னு காட்டுறதுக்கு நான் பொய்க்காரி ஆகணுமா சார்? நாளைக்கு நெசமாவே ஒண்ணு காணாமப் போனா, அன்னிக்கு நான் சொல்றத எவன் நம்புவான்?" என்று கேட்டேன். அவர் எழுந்து, "ஒன் இஷ்டம். அப்பறம் என்னக் கொறை சொல்லாத" என்று போய்விட்டார்.

அன்றே விளக்கத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வருந்துகிறேன், பணிவுடன், தயைகூர்ந்து என்ற வார்த்தைகள் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். எதுவும் காணாமல் போகவில்லை, பதினான்கும் ஓடுகின்றன, பதிவேட்டில் இயந்திரங்கள் மூன்று என்று குறிப்பெழுதாதது என் பிழை, எப்போது வேண்டுமானாலும் நேரில் காட்டத் தயார் என்று எழுதினேன். கூடவே, முதல்வர் கையெழுத்தோடு 'பதினான்கு சர்வர்கள் கொண்ட டேட்டா சென்டர்' என்று பெருமை பேசிய இன்ஸ்பெக்‌ஷன் ஃபைலின் பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். ஒரு பிரதி முதல்வருக்கு, ஒரு பிரதி தாளாளருக்கு.

அரைமணி நேரத்தில் முதல்வர் கூப்பிட்டுவிட்டார். "இந்தப் பக்கத்த எதுக்கு இணைச்சீங்க?"

"பதினாலு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணுமே சார்."

"அது இன்ஸ்பெக்‌ஷன். இது ஸ்டாக். அது வேற, இது வேற."

"ரெண்டுலயும் நம்பர் ஒண்ணுதான் சார்" என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஏழாம் நாள் காலை விசாரணை வைத்தார்கள். தாளாளர், முதல்வர், கண்காணிப்பாளர், இயற்பியல் பேராசிரியர், நான். தாளாளர் பொன்னமராவதிப் பக்கம் அரவை மில் வைத்து மேலே வந்தவர். நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வெளக்கமெல்லாம் எனக்குப் புடிபடாது தாயீ. நான் மில்லுக்காரன். மில்லுல ஒரு மோட்டார எவனாவது தூக்கிட்டுப் போயிட்டான்னா வேலை நின்னுரும், எனக்குத் தெரிஞ்சுரும். ஒன் பதினொண்ணு போயிருந்தா இங்க என்ன நின்னுருக்கும்?"

அந்த ஏழு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. "வாங்கய்யா, காட்டுறேன்" என்றேன்.

சர்வர் அறைக்குள் ஐந்து பேர் நிற்க இடம் போதவில்லை. கண்காணிப்பாளர் வாசலில் நின்றார். பேராசிரியரிடம் அவருடைய போனில் வருகைப்பதிவுப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். அவர் வகுப்பு மாணவர்களின் பெயர்கள் வந்தன. "சார், இந்த மூணுல ஏதாவது ஒண்ணோட கரண்ட் வயரப் பிடுங்குங்க" என்றேன்.

"நானா?"

"நீங்கதான். தொட்டுப் பாக்கணும்னீங்கள்ல?"

முதல்வர் பதறினார். "வேணாம், வேணாம். அட்மிஷன் நடக்குற நேரம். ஏதாவது ஆயிரப்போகுது."

"ஏதாவது ஆனா எனக்கு வேலை போகும் சார். அதுதான் எப்படியும் போகப்போகுதே" என்றேன்.

இப்படித் திமிராகப் பேசிவிட்டாலும் எனக்குப் பயம்தான். ஒழுங்காக முன்கூட்டி நகர்த்தினால் ஒரு சர்வர்கூட அசங்காது. திடீரென்று கரண்டைப் பிடுங்குவது முரட்டு வேலை. சோதனையாகச் செய்திருக்கிறேன், விடுமுறை நாளில், ஆள் இல்லாதபோது. பேராசிரியர் நடு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். பின்னால் குனிந்து, இருந்த இரண்டு வயர்களையும் உருவினார். அதன் விசிறிச் சத்தம் அடங்கியது. திரையில் ஐந்து பெயர்கள் சிவப்பாகின, வருகைப்பதிவும் அதில் ஒன்று. அவர் போனில் மாணவர் பெயர்கள் போய், வெறும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடம் முதல்வர் கைக்குட்டையை எடுத்தார். என் கண் திரையை விட்டு நகரவில்லை. ஒரு பெயர் பச்சையானது. பிறகு இன்னொன்று. மூன்று, நான்கு. பேராசிரியர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வந்துருச்சு" என்றார். "பேரெல்லாம் வந்துருச்சு. நான் காலையில போட்ட ஆப்சென்ட் அப்படியே இருக்கு."

"வயரப் பிடுங்குனது நீங்கதான். அது ஓடுன பெட்டி அணைஞ்சு கெடக்கு. அந்த சர்வர் இப்பப் பக்கத்துப் பெட்டியில எந்திரிச்சு ஒக்காந்திருக்கு" என்றேன்.

வாசலில் நின்ற கண்காணிப்பாளர்தான் கண்டுபிடித்தார். "அஞ்சு செவப்பாச்சு. நாலுதான பச்சையாச்சு? ஒண்ணு போச்சேம்மா."

ஆமாம், ஒன்று வரவில்லை. விடுதி மெஸ் சர்வர். தானாக எழ வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்க்க நான் மறந்திருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு முகம் செத்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. எடுத்து, தாளாளருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். விடுதி மெஸ் மேலாளர்.

"என்னம்மா, மெஸ் லிஸ்ட் வரமாட்டேங்குது. மதியத்துக்கு எத்தன பேருன்னு தெரியாம ஒலையில அரிசி போட முடியல. சீக்கிரம் பாருங்க."

பயந்துகொண்டிருந்த நான் அப்போதுதான் நிமிர்ந்தேன். "அய்யா, நீங்க கேட்டதுக்குப் பதில் இதுதான். ஒண்ணு நின்னு அஞ்சு நிமிஷம் ஆகல, சோத்துக்கு வழியில்லன்னு போன் வந்துருச்சு. பதினொண்ணு போயிருந்தா? இந்த ஏழு நாளா வருகை போட்டிருக்கீங்க, மார்க் ஏத்தியிருக்கீங்க, அட்மிஷன் போட்டிருக்கீங்க. என்னைத் திருடின்னு சொன்ன மெமோவக்கூட அதுல ஓடுற ஒரு சர்வர்லதான் அடிச்சு வச்சிருக்கீங்க. எல்லாத்தையும் தெனம் பயன்படுத்திக்கிட்டு, காணோம்னு எப்படிங்க எழுதுனீங்க?"

மெஸ் சர்வரை அணைந்த இயந்திரத்தின் பட்டியலிலிருந்து மாற்றி, இன்னொன்றில் கிளப்பினேன். அதுவும் பச்சையானது. மெஸ் மேலாளருக்குப் போன் செய்து கேட்டேன். லிஸ்ட் வந்துவிட்டது என்றார், வைத்துவிட்டார்.

தாளாளர் பேராசிரியரைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாலும் இருக்கு. ஆனா பெட்டி மூணுதான். ரிஜிஸ்டர்ல எழுதுனது தப்பு, காணாமப் போனதுன்னு எழுதுனதும் தப்பு" என்றார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதினான்கை நான் அடித்து மூன்று என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் 'இவற்றில் ஓடும் சர்வர்கள் பதினான்கு' என்று எழுதினேன். அடித்த இடத்தில் நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம். எலக்ட்ரானைப் பற்றிக் கேட்டதற்கு நான் வருத்தம் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"சரி தாயீ, போயி வேலையப் பாரு" என்று தாளாளர் கிளம்பினார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. மெமோ எழுத்தில் வந்தது. போ வேலையைப் பார் என்பது காற்றில் வந்தது. பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு நான் காற்றையா காட்ட முடியும்? மெமோவை ரத்துசெய்து கடிதம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். ஒரு வாரம் பதில் இல்லை. திரும்பவும் எழுதிக்கொடுத்தேன். கண்காணிப்பாளர், "விடேன்மா, ஜெயிச்சாச்சுல்ல" என்றார். விடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. 'காணாமல் போனதாகக் கருதப்பட்ட பதினோரு சர்வர்கள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதால், மெமோ இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது.'

படித்தபோது மெமோ வந்த அன்று வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கண்டுபிடிக்கப்பட்டுவிட்டனவாம். யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து கண்டுபிடித்தார்கள்? இந்தக் கடிதத்தோடு ஊருக்குள் போனால், எடுத்தவள் பயந்து திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். வாங்கிக்கொள்ள மறுத்து, அந்த வரியின் கீழ் கோடிட்டுத் திருப்பி அனுப்பினேன். போகாத ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஓரத்தில் எழுதினேன். அடங்காப்பிடாரி என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் வந்தது அன்றுதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாளாளர் கையெழுத்தோடு அடுத்த கடிதம் வந்தது. மூன்று இயந்திரங்களும் அவற்றில் ஓடும் பதினான்கு சர்வர்களும் சரிபார்க்கப்பட்டன. எந்தக் காலத்திலும் எதுவும் காணாமல் போகவில்லை. மெமோ தவறாக வழங்கப்பட்டது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். அதுவரை வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. ஆய்வக உதவியாளர் அக்கா பக்கத்தில் நின்று, "அதான் வந்துருச்சுல்ல, எதுக்கு அழுகுறீங்க" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முகம் கழுவிவிட்டு அந்தக் கடிதத்தை நகலெடுத்து, சர்வர் அறைக் கதவில் வெளிப்பக்கமாக, போகிற வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினேன்.

மூன்று மாதம் அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது முதல்வர் வந்தார். கதவுக்கு முன் நின்றார்.

"மேடம், இத எடுத்துரலாமே. பாக்க நல்லால்ல."

"மெமோ வந்ததும் நல்லாத்தான் சார் இல்ல. அத ஊரே பாத்துச்சு. இதையும் பாக்கட்டும்."

"அதுக்கில்ல. இதுல மூணுன்னு போட்டிருக்கு. போன தடவ நம்ம ஃபைல்ல பதினாலு மெஷின் இருக்குற மாதிரி காட்டியிருக்கோம்."

"காட்டுனோம் இல்ல சார், காட்டுனீங்க. நான் எழுதுனத நான் அடிச்சுத் திருத்திட்டேன். ஒங்க ஃபைல நீங்க திருத்துங்க."

"யாராவது படிச்சுட்டுக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதச் சொல்லுவேன். நீங்க வேணா கிழிங்க சார். கிழிச்சா நாளைக்கு வேற ஒட்டுவேன்."

அவர் கை தாளின் ஓரம்வரை போனது. கிழிக்கவில்லை.

நான்காம் நாள் குழு வந்தது. முதல்வர் அவர்களை நூலகம், ஆய்வகம் என்று வேகவேகமாக நடத்திக் கூட்டி வந்தார். என் கதவருகே மட்டும் வேகத்தைக் கூட்டினார். குழுவில் இருந்த ஓர் அம்மா நின்றுவிட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படித்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். முதல்வர் தன் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"அப்ப மெஷின் மூணுதானா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"மூணுதாங்க. உள்ள வாங்க, அதுல என்ன ஓடுதுன்னு காட்டுறேன்" என்று கதவைத் திறந்தேன்.